நன்செயும் செம்மண் மேடும்: தஞ்சை வட்டாரக் கல்வி வளாகங்கள் எழுந்த வரலாறு

கடந்த இருநூறு ஆண்டுகளில் காவிரிப் படுகையில் எழுந்த கல்வி வளாகங்களின் வரலாற்றை, அவற்றுக்குப் பணம் வந்த வழியைப் பின்பற்றி எழுதுவதே பொருத்தமாகும். சத்திரத்து மானியம், நிலவரியோடு சேர்த்து வாங்கிய செஸ், தனவணிகர் ஒருவரின் கொடை, அரசின் ஒதுக்கீடு என்று அந்த வழி காலந்தோறும் மாறியிருக்கிறது; கட்டடம் எங்கே எழும், எந்த அளவில் எழும் என்பதை மட்டுமல்லாமல், எழுந்த பிறகு அதற்கு வெள்ளையடிக்கக் காசு இருக்குமா என்பதையும் அதுவே முடிவுசெய்தது.

தஞ்சை மராத்திய அரசர்கள், குறிப்பாக 1798 முதல் 1832 வரை அரசுகட்டிலில் இருந்த இரண்டாம் சரபோஜி, வழிப்போக்கர்களுக்கு உணவும் உறைவிடமும் தரும் சத்திரங்களைப் பெருவழிகளில் நிறுவி, அவற்றின் செலவுக்கென நிலங்களை எழுதிவைத்தனர். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் போன்ற பெரியவற்றில் பள்ளிகளும் நடந்தன. பிள்ளைகளுக்குச் சோறும் ஆசிரியர்களுக்குச் சம்பளமும் அந்த நிலங்களின் விளைச்சலிலிருந்தே கிடைத்தன. இந்த ஏற்பாட்டில் ஆண்டுதோறும் அறுவடைக்குப் பின் வருமானம் தவறாமல் வந்ததே தவிர, புதிய கட்டடம் எழுப்புமளவுக்கு ஒரே நேரத்தில் பெருந்தொகை சேர வழியில்லை. ஆகவே சத்திரங்களின் பொறுப்பு ஜில்லா போர்டுக்கு, அதாவது ஆங்கிலேயர் காலத்தில் மாவட்டத்துச் சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைக் கவனித்த உள்ளாட்சி அமைப்புக்கு, வந்துசேர்ந்த பிறகும் அந்தப் பணம் இருக்கும் கூரைக்கடியில் பாடம் நடத்தவே பயன்பட்டது. 1881இல் வடமொழிக் கல்விக்கெனத் திருவையாற்றில் தொடங்கிய அரசர் கல்லூரி அவ்வாறே நடந்தது. போர்டின் தலைவராக இருந்த ஏ. டி. பன்னீர்செல்வத்தின் காலத்தில் அங்கே தமிழும் பாடமாயிற்று. கட்டடம் பழையது, பாடம் புதியது என்பதே சத்திரத்துப் பணத்தின் இயல்பு.

பெருந்தொகையைச் சேர்க்கும் வழியை மாவட்டத்துக்குக் கற்றுத்தந்தது கல்வித்துறை அன்று, இரயில்பாதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தென்னிந்திய இரயில்வே தொடாத ஊர்களுக்குத் தாமே பாதை போட்டுக்கொள்வதென்று தஞ்சை மாவட்டத்தார் முடிவுசெய்து, நிலவரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் சில தம்பிடி வீதம் செஸ் வசூலித்தனர். செஸ் என்பது குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக வரியின்மேல் வாங்கும் கூடுதல் வரி. தம்பிடி அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மிராசுதாருக்கு, அதாவது பரம்பரை உரிமையுள்ள நிலக்கிழாருக்கு, அந்தச் சில தம்பிடி கண்ணில் படாத தொகைதான். ஆனால் சென்னை மாகாணத்திலேயே நிலவரி மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றில் அது ஆண்டுக்காண்டு குவிந்தது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரையிலான பாதை 1894இல் திறக்கப்பட்டு, பட்டுக்கோட்டை வழியாக 1903இல் அறந்தாங்கியை எட்டிற்று. வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய இரயில்வே. பாதைக்கு உடைமையாளர் ஜில்லா போர்டு. உள்ளாட்சி அமைப்பொன்று இரயில்பாதை வைத்திருந்தது என்பது இன்று கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். அன்று அது வரப்பு வெட்டுவதைப் போன்ற பொதுக்காரியமாகவே கருதப்பட்டது.

விடுதலைக்குப் பின் பாதைகள் நடுவணரசின் கைக்குப் போயின. 1950களின் இறுதியில் ஜில்லா போர்டுகளும் கலைக்கப்பட்டன. ஆனால் இரயில்வே செஸ் என்ற பெயரில் சேர்ந்த நிதி எஞ்சியிருந்தது. இரயிலுக்கென்று உழவரிடம் வாங்கிய பணத்தை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கிடைத்த விடையே, காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1959இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி. நகருக்குள் முன்பே இராசா மிராசுதார் மருத்துவமனை இருந்தது. அரச குடும்பத்தாரும் மிராசுதார்களும் கொடுத்து உருவானது என்பதை அதன் பெயரே காட்டும். மாணவர்களின் பயிற்சிக்கு நோயாளிகள் நிறைந்த மருத்துவமனை ஒன்று கைவசம் இருந்ததால், செஸ் நிதியைக் கல்லூரிக் கட்டடங்களில் செலவிட முடிந்தது. தமிழ்நாட்டின் வேறு மாவட்டங்கள் மருத்துவக் கல்லூரிக்காகச் சென்னைக் கோட்டையை, அதாவது தலைமைச் செயலகத்தை, நோக்கிக் காத்திருந்த காலத்தில், தஞ்சை தன் பங்குப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது. அந்தப் பேரத்தில் அதற்கிருந்த வலுவைக் குறைத்து மதிப்பிடலாகாது.

கொள்ளிடத்துக்கு வடக்கே, கீழணைப் பாசனத்தைச் சேர்ந்த சிதம்பரத்தில் பணம் வந்த வழி வேறு. 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கிய அண்ணாமலைச் செட்டியார், தம் கல்வி நிறுவனங்களோடு 20 இலட்ச ரூபாயையும் அளித்ததன் பேரில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. கொடையாளர் ஒருவரே என்பதால் வளாகம் ஒரே கைப்பட்ட ஒழுங்கோடு, மாணவர் தங்கிப் படிக்கும் ஊராகவே எழுந்து அண்ணாமலைநகர் என்ற பேரூராட்சியாயிற்று. விரைவாகக் கட்டுவதற்கு இதைவிட நல்ல வழியில்லை; ஆனால் பல்கலைக்கழகம் வளர வளரச் சம்பளச் செலவும் வளர்ந்தது, மூலநிதியோ, அதாவது முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுத்தாளும் நிலையான தொகையோ, அதே வேகத்தில் வளரவில்லை. கடும் நிதி நெருக்கடிக்குப் பின் 2013இல் தனிச்சட்டம் இயற்றி அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

தஞ்சை நகரைச் சுற்றியுள்ள வளாகங்களின் இருப்பிடத்தை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மருத்துவக் கல்லூரி, தமிழ்ப் பல்கலைக்கழகம், திருமலைசமுத்திரத்திலும் வல்லத்திலும் உள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் ஆகிய அனைத்தும் நகருக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் உள்ள செம்மண் மேட்டில் அமைந்தவை. வடக்கே வெண்ணாற்றுக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட நன்செயில், அதாவது ஆற்றுப்பாசன நெல்வயலில், அவற்றுள் ஒன்றுகூட இல்லை. நன்செயை ஆர்ஜிதம் செய்வது, அதாவது சட்டப்படி கையகப்படுத்துவது, விலையாலும் அரசியலாலும் கடினம். மண்ணும் ஒரு காரணம்: வண்டல் களி நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும், அதன்மேல் இரண்டு மாடி எழுப்பவே அடித்தளத்துக்குப் பெருஞ்செலவாகும். மேட்டிலோ சிறிது ஆழத்திலேயே செம்புரை இறுகிக் கிடக்கும். கடைக்கால் வெட்டக் கடப்பாரை வேண்டியிருந்தாலும் சுவர் விரியாது. வானம் பார்த்த பூமி என்று உழவர் ஒதுக்கிய நிலம் கட்டடக்காரருக்கு வாய்ப்பாயிற்று.

அந்த மேட்டில்தான் 1981 செப்டம்பர் 15 அன்று நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 1000 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. தஞ்சைக்குப் பழக்கமான வேலிக் கணக்கில் இது 150 வேலி. தமிழுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்பது 1911இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் நெடுநாள் கோரிக்கை, எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது நிறைவேறி, வ. அய். சுப்பிரமணியம் முதல் துணைவேந்தரானார். கட்டடங்கள் எழும்வரை அரண்மனை வளாகம் இடம் தந்தது. வானிலிருந்து பார்த்தால் ‘தமிழ்நாடு’ என்று எழுத்துகளாகத் தெரியும்படி கட்டடங்களைத் திட்டமிட்டார்கள் என்பது தஞ்சையில் பரவலாக வழங்கும் செய்தி. அழகான எண்ணம்தான், ஆனால் நிதி ஆண்டுதோறும் துண்டுதுண்டாக வரும் நாட்டில், கடைசி எழுத்து முடியும்வரை படிக்க முடியாத வரைபடத்தைத் தேர்வது துணிச்சலான செயல்.

இந்தப் பல்கலைக்கழகத்தின் நிதிச்சிக்கல் அதன் நோக்கத்திலேயே இருந்தது. கலை, சுவடி, வளர்தமிழ், மொழி, அறிவியல் என்ற ஐந்து புலங்களோடு உயராய்வுக்கென்றே அது அமைக்கப்பட்டது. இணைப்புக் கல்லூரிகளின் தேர்வுக் கட்டணம் பிற பல்கலைக்கழகங்களைத் தாங்கியபோது, இதற்கு அந்த வருவாய் இல்லை. ஆகவே அகராதியாயினும் ஆய்வுக்கூடமாயினும் மாநில அரசின் தொகுப்பு மானியத்தையே, அதாவது இனம் பிரிக்காமல் மொத்தமாகத் தரும் ஆண்டுத் தொகையையே, எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. அந்தத் தொகையில் சம்பளமும் ஓய்வூதியமும் போக எஞ்சுவதுதான் கட்டடங்களின் பராமரிப்புக்கு. 1972 சூன் 17க்குப் பின் தோன்றிய பல்கலைக்கழகம், பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 12(பி) பிரிவின்படி தகுதி பெற்றாலன்றி நடுவணரசின் உதவியைப் பெற முடியாது என்ற விதியும் புதிய நிறுவனங்களின் தொடக்க ஆண்டுகளை நெருக்கியது.

பணம் ஒதுக்கப்பட்டாலும் அது சுவராக மாறும் வழி நீளமானது. துறையின் தேவை கட்டடக் குழுவுக்கும் நிதிக்குழுவுக்கும் போய், ஆட்சிக்குழுவின் இசைவைப் பெற்ற பின் நிர்வாக ஒப்புதல், அதாவது இந்தத் தொகைக்குள் கட்டலாம் என்ற ஆணை, வெளிவரும். அதன்பின் பொதுப்பணித்துறைப் பொறியாளர் அவ்வாண்டின் விலை விகிதப் பட்டியலைக் கொண்டு மதிப்பீடு தயாரிக்க, அளவும் கணக்கும் சரியென்று மேலதிகாரி தொழில்நுட்ப ஒப்புதல் தந்த பிறகே ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். இதற்குள் கம்பியும் சிமெண்டும் விலையேறினால் திருத்திய மதிப்பீடு, மீண்டும் முதல் படி. அரசின் ஒதுக்கீடு மார்ச் 31க்குள் செலவாகாவிட்டால் காலாவதியாகும் என்பதால், ஐப்பசி கார்த்திகை மழையில் முடங்கிக் கிடந்த வேலை மாசி பங்குனியில் அவசர அவசரமாக நடப்பது தஞ்சை வளாகங்களில் வழக்கமான காட்சி.

2009இல் நாடாளுமன்றச் சட்டத்தால் திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் தோன்றியபோது செம்மண் மேட்டின் வசதி கிடைக்கவில்லை. திருவாரூர் முழுதும் வண்டல் நாடு. மாநில அரசு தந்த 500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் நீலக்குடியில் வெட்டாற்றின் இரு கரைகளிலும் விரிந்திருந்தது. வகுப்புகள் முதலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் இணைப்புக் கட்டடத்தில் நடந்தன. 2015 மார்ச்சில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கட்டடம் ஒன்று இடிந்து தொழிலாளர் ஐவர் இறந்தது, இந்தப் படுகையின் வளாக வரலாற்றில் மிகத் துயரமான நிகழ்ச்சி.

பணம் வரும் வழியும் அதன்பின் மாறிவிட்டது. ஐந்தாண்டுத் திட்டங்களோடு மானியக் குழுவின் பழைய கட்டட உதவி முறை முடிவுக்கு வர, 2017இல் நடுவணரசும் கனரா வங்கியும் சேர்ந்து உயர்கல்வி நிதியுதவி முகமை என்ற நிறுவனத்தை அமைத்தன. அது தருவது மானியமல்ல, பத்தாண்டுகளில் அடைக்க வேண்டிய கடன். வட்டியையும் முதலின் பெரும்பகுதியையும் நடுவணரசு ஏற்க, 2014க்கு முன் தோன்றிய மத்தியப் பல்கலைக்கழகங்கள் அந்த முதலின் பத்தில் ஒரு பங்கை மாணவர் கட்டணம் உள்ளிட்ட சொந்த வருவாயிலிருந்து கட்ட வேண்டும். மாநிலச் சட்டத்தால் உருவான தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கதவு திறக்கவில்லை; நடுவணரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கீட்டில் செலவைப் பகிரும் உயர்கல்வித் திட்டத்தையும் கோட்டையின் ஆண்டு ஒதுக்கீட்டையுமே அது நம்பியிருக்க வேண்டியதாயிற்று.