கோவிந்தமலையும் இரண்டு வரலாறுகளும்

கீழ்க்கடலிற் கலஞ்செலுத்திய ஆங்கில மாலுமிகள், கரையின் திசையை அறிவதற்கு உள்நாட்டுக் குன்றுகளையே அடையாளமாகக் கொண்டனர். மட்டக்களப்பின் குடும்பிமலை அவர்கள் கண்ணுக்குப் பிரபுவின் தொப்பியாகத் தோன்றிற்று. தெற்கே, சியம்பலாண்டுவைக்கு அணித்தாய்ச் செங்குத்தாக நிற்கும் பெருங்குன்று, இலண்டன் மாநகரத்துத் தேவாலயத்தை நினைவூட்டியமையால் 'வெஸ்ட்மின்ஸ்டர் அபே' எனப் பெயர் பெற்றது. கலிபோர்னியாவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. யொசெமிட்டித் தேசிய வனத்தில் 900 மீற்றர் உயர்ந்து நிற்கும் கருங்கற் சுவருக்குப் பழங்குடி மக்கள் வழங்கிய பெயர் மங்க, 1851இல் வந்தவர்கள் இட்ட 'எல் கப்பித்தான்' என்னும் பெயரே நிலைத்தது. சியம்பலாண்டுவைக் குன்றோ தன் பழம்பெயரை இழக்கவில்லை. கோவிந்தஹெல என்றே மக்கள் அதனை வழங்குகின்றனர். நாம் கோவிந்தமலை எனலாம்.

மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து இம்மலையைக் காணச் செல்வோர், கல்முனையும் அம்பாறையும் கடந்து தென்மேற்காகச் செல்வர். பட்டிப்பளை ஆறு என்று தமிழர் அழைக்கும் கல்லோயாவின் நீர் பாயும் வயல்கள் வழியெங்கும் விரிகின்றன. அவ்வாற்றை இங்கினியாகலையில் மறித்து அமைத்ததே சேனாநாயக்க சமுத்திரம். அதன் நீரேந்து காட்டைக் காப்பதற்காக 1954இல் கல்லோயாத் தேசிய வனம் வகுக்கப்பட்டது. அம்பாறைப் பகுதி அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இலேயே. அவ்வனத்துக்குத் தெற்கே, சமநிலத்திலிருந்து திடீரென எழுகின்றது கோவிந்தமலை. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 550 மீற்றர். சுற்றியிருந்த மென்மையான பாறைகளை மழையும் வெயிலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துச் செல்ல, வலிய கருங்கல் மட்டும் எஞ்சி நின்றது.

இத்தகைய இடத்தைப் பகைவருக்கு அஞ்சியவன் நாடுவது இயல்பே. சுவர்போன்ற பக்கங்கள் மதிலாகின்றன. உச்சியிலுள்ள பாறைக் குழிகள் மழைநீரைத் தேக்குகின்றன. வருகின்ற படையை நெடுந்தொலைவிலேயே கண்டுகொள்ளலாம். 5ஆம் நூற்றாண்டிற் காசியப்பன் சிகிரியாவைத் தேர்ந்ததும் இக்காரணங்களாலேயே.

1215இல் கலிங்கத்து மாகன் பெரும்படையோடு வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றினான். அரசனாயிருந்த பராக்கிரம பாண்டியனின் கண்கள் பறிக்கப்பட்டன. விகாரைகள் இடிபட்டன, நூல்கள் சிதைக்கப்பட்டன, நிலங்கள் போர்வீரர் வசமாயின என்று சூளவம்சம் துயரத்தோடு உரைக்கின்றது. அந்நாளில் மாகனுக்கு அடங்காத தலைவர்கள் சிலர் மலைகளை அரணாக்கினர். சுபன் என்னும் சேனாபதி யாப்பகுவையில் இருந்தான். சங்கன் மினிப்பேயில் இருந்தான். புவனேகபாகு என்னும் இளவரசன் உறுகுணையிலுள்ள கோவிந்தமலையில் நகரமைத்து, பிக்குமாரையும் குடிகளையும் காத்தான். அந்த மலை இதுவே என்பது அறிஞர் கொள்கை.

இனி, வாவியின் மறுபக்கத்துக் கதையைக் கேட்போம். எப். எக்ஸ். சி. நடராசா 1962இற் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', ஏடுகளில் வழங்கிய பழஞ்செய்திகளின் தொகுப்பு. அதில் மாகன் அழிப்பவனாகத் தோன்றவில்லை. முறை வகுத்தவனாகவே தோன்றுகின்றான். படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் ஆலயம் முதலிய பெருங்கோயில்களில் எந்தக் குடிக்கு எந்த ஊழியம், எவருக்கு எந்த உரிமை என்பனவற்றை ஒழுங்குசெய்தவன் அவனே என்பது இப்பகுதி மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. மாகோன் என்னும் மதிப்புப் பெயரையும் அவர்கள் அவனுக்கு வழங்கினர்.

ஒருவனே இருவேறு மனிதனாய்த் தோன்றுவது எதனால்? விகாரையை இழந்த பிக்கு எழுதியது ஒன்று. கோயிலில் உரிமை பெற்றோரின் வழிவந்தவர் எழுதியது மற்றொன்று. இரண்டும் நிகழ்ச்சிகளுக்குப் பின்னர்த் தொகுக்கப்பட்டவை. ஆகவே எழுத்தெல்லாம் அப்படியே சான்று ஆகிவிடாது. ஆயினும், இழந்தவரின் துயரைப் பொய்யென்று தள்ளுதலும், பெற்றவரின் நன்றியைப் பழியென்று இகழ்தலும் வரலாறு ஆகா. ஒரு நூலை மட்டும் கற்கும் மாணவன் பாதி மாகனையே அறிவான். அந்தப் பாதியறிவு நாளடைவில் அயலான்மீது பகையாக வளரும்.

மலைகளை அரணாக்கும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டோடு முடிந்ததுமில்லை. உள்நாட்டுப் போரில் குடும்பிமலையும் 2007 யூலை வரை அரணாயிருந்தது. அப்போரைப் பற்றியும் இரண்டு நூல்கள் எழுதப்படும்; அவற்றையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் கடமை வருங்கால மாணவருக்கு உண்டு.

கோவிந்தமலையின் உச்சியில் நிற்பவர், ஒருபுறம் சேனாநாயக்க சமுத்திரத்தையும் மறுபுறம் கீழ்க்கடலையும் காண்பர். புவனேகபாகு அஞ்சிநோக்கிய திசையும், மாகோனை மக்கள் போற்றிய திசையும் அங்கிருந்து ஒரே பார்வையில் அடங்குகின்றன. வரலாறு கற்போரும் அவ்வளவு உயரம் ஏறுதல் வேண்டும்.