அப்பாவின் சோளக்காட்டில் தொடங்கிய ஆய்வு: எவரெட் ரோஜர்ஸ் (1931–2004)

நல்லது என்று தெரிந்தும் மக்கள் ஒரு புதிய பொருளையோ பழக்கத்தையோ ஏன் உடனே ஏற்பதில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் அமெரிக்கத் தொடர்பியல் அறிஞர் எவரெட் ரோஜர்ஸ்.

வறட்சி தந்த பாடம்

1931ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் தேதி, அயோவா மாநிலத்தின் கேரல் நகரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் ரோஜர்ஸ் பிறந்தார். புதிய பண்ணை இயந்திரங்கள் என்றால் அவர் தந்தைக்குக் கொள்ளைப் பிரியம். ஆனால், வீரிய ரகச் சோள விதையை மட்டும் அவர் நம்பவில்லை. 1936ஆம் ஆண்டு வறட்சியில் பக்கத்து நிலத்தில் வீரிய ரகச் சோளம் நிமிர்ந்து நின்றது. தந்தையின் பயிரோ வாடிப்போனது. அதன் பிறகே அவர் மனம் மாறினார்.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்த ரோஜர்ஸ், கொரியப் போர்க் காலத்தில் விமானப் படையில் பணியாற்றினார். பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் 1957இல் முனைவர் பட்டம் பெற்றார். களைக்கொல்லி முதலிய புதுமைகள் விவசாயிகளிடையே எப்படிப் பரவின என்பதே அவரது ஆய்வு.

ஐந்து பிரிவினர்

1962இல் வெளிவந்த 'புதுமைகளின் பரவல்' என்ற நூல் அவருக்கு உலகப் புகழ் தந்தது. ஒரு புதுமையை ஏற்போரை அவர் ஐந்து பிரிவுகளாக வகுத்தார்: புதுமையாளர் 2.5 விழுக்காடு, முன்னதாக ஏற்போர் 13.5, முந்திய பெரும்பான்மையினர் 34, பிந்திய பெரும்பான்மையினர் 34, பின்தங்கியோர் 16. வானொலியும் நாளேடும் செய்தியைத் தெரிவிக்கும். ஆனால், மனத்தை மாற்றுவது பெரும்பாலும் நம்மைப் போன்ற இன்னொருவரின் அனுபவமே என்றார்.

பெரு நாட்டுக் கிராமம் ஒன்றின் கதையை நூலில் அவர் விளக்குகிறார். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி சுகாதார ஊழியர் ஒருவர் ஈராண்டு வீடு வீடாகச் சென்று சொன்னார். 200 குடும்பங்களில் 11 மட்டுமே அவர் பேச்சைக் கேட்டு மாறின. கொதித்த நீர் நோயாளிகளுக்கே உரியது என்பது அவ்வூர் நம்பிக்கை. அதைப் புரிந்துகொள்ளாமல் கிருமியைப் பற்றிப் பேசியதால் பயனில்லாமல் போனது.

திருத்திக்கொண்ட கணிப்பு

1954இல் ரோஜர்ஸ் பேட்டி கண்ட ஒரு விவசாயி, இரசாயனங்கள் எதையும் தொடவில்லை. அவை பறவைகளையும் மண்புழுக்களையும் கொல்கின்றன என்றார் அவர். அன்றைய அளவுகோலின்படி அவர் 'பின்தங்கியவர்'. இயற்கை விவசாயம் மதிக்கப்படும் காலம் வந்தபோது, அவரே உண்மையில் முன்னோடி என்று ரோஜர்ஸ் தம் நூலிலேயே ஒப்புக்கொண்டார். புதியது எல்லாம் நல்லது என எண்ணுவதும், ஏற்காதவர்மீதே பழி போடுவதும் ஆய்வாளர்களின் குறை என்றும் எழுதினார்.

இந்தியா, சிங்கப்பூர்

ஒஹாயோ, மிச்சிகன், ஸ்டான்ஃபோர்டு, தென் கலிஃபோர்னியா, நியூ மெக்சிகோ எனப் பல இடங்களில் அவர் கற்பித்தார். சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் வருகைதரு பேராசிரியராக இருந்தார். 1984இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ஹம் லோக்' நாடகத் தொடர் மக்களிடம் ஏற்படுத்திய தாக்கத்தை அர்விந்த் சிங்காலுடன் சேர்ந்து ஆராய்ந்தார்.

நூலின் ஐந்தாம் பதிப்பு 2003இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி ரோஜர்ஸ் காலமானார். சுகாதாரப் பிரசாரம் முதல் புதிய கைப்பேசி விற்பனை வரை, அவர் வகுத்த ஐந்து பிரிவுகள் இன்றும் பயன்படுகின்றன.