தஞ்சாவூர்

காவிரிப் படுகையின் பழம்பெரும் நகரம், மாவட்டத் தலைநகர். 9ஆம் நூற்றாண்டில் விசயாலய சோழன் கைப்பற்றியபின் சோழர் தலைநகராயிற்று. முதலாம் இராசராசன் எழுப்பிய பெரிய கோயில் 1010இல் நிறைவுற்றது. விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. அதன் நிழல் தரையில் விழாது என்பது கட்டுக்கதை. மாலையில் திருச்சுற்றில் நின்றால் நிழலைக் கண்ணாலேயே காணலாம்.

கோயிலின் உண்மையான அதிசயம் அதன் கல்வெட்டுகளே. கோயிலில் ஆடிப் பணிசெய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை ஒருவர் விடாமல் பதிந்திருக்கிறார்கள்: பெயர், முன்பு பணிசெய்த கோயில், குடியமர்த்திய தெரு, தெருவின் எந்தச் சிறகில் (பக்க வரிசையில்) எத்தனையாவது வீடு. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அரசனின் புகழ்பாடும் மெய்க்கீர்த்தியைவிட இந்தப் பட்டியலே மனத்தில் நிற்கிறது. கருவறையைச் சுற்றிய உள்வழியில் நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்கள் 1931இல் வெளிப்பட்டன.

சோழருக்குப் பின் பாண்டியர், நாயக்கர், 1855 வரை மராத்தியர் என ஆட்சி மாறியது. மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி வளர்த்த சரசுவதி மகால் நூலகம் ஓலைச்சுவடிகளின் பெருங்களஞ்சியம். தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் தொடங்கப்பட்டது.

பலாமரத்தில் குடையும் வீணை, பொன் தகடு பதித்த ஓவியம், தலையாட்டி பொம்மை ஆகியவை இன்றும் இங்கே உருவாகின்றன. கோயில் நண்பகலில் நடை சாத்தப்படும்; வெயிலில் கல்தளம் காலைச் சுடும். மாலையில் செல்லுங்கள், கல்வெட்டு எழுத்துகளைத் தொட்டுத் தேய்க்காமல் பாருங்கள்.