ஒளியியல் நாரின் எண்சார் துவாரம்

மலைமுகடுகள் வானலைகளை மறைக்கும் பதுளை போன்ற பிரதேசங்களில், நம்பகமான இணையத்துக்கு ஒளியியல் நாரே சிறந்த வழியாகும். இக்கண்ணாடி இழையின் அகணியின் முறிவுச் சுட்டி, அதைச் சூழ்ந்த உறையினதிலும் சற்று அதிகம். அதனால் ஒளி முழு அகத்தெறிப்படைந்து உள்ளேயே பயணிக்கின்றது.

எனினும், நாரின் வாயில் புகும் ஒளி யாவும் உள்ளே தங்குவதில்லை. வளியிலிருந்து ஏற்கப்படும் மிகப்பெரிய படுகோணத்தின் சைன் பெறுமானமே எண்சார் துவாரம். பக்தாதில் இப்னு சஹ்ல் 984 அளவில் எழுதிய நூலில் காணப்படும் முறிவு விதியே இதற்கு அடிப்படை.

கணிப்பு எளிது. அகணியின் சுட்டி 1.48, உறையின் சுட்டி 1.46 எனக் கொள்வோம். இவற்றின் வர்க்கங்கள் முறையே 2.1904, 2.1316. வித்தியாசம் 0.0588. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.24. இதற்குரிய கோணம் 14 பாகை. இதனிலும் சாய்ந்து புகும் ஒளி உறைவழியே வெளியேறிவிடும்.

இவ்வெண்ணைப் புறக்கணித்தால் நட்டமே. 0.275 துவாரமுள்ள நாரை 0.20 துவாரமுள்ள நாருடன் இணைத்தால், அகணிகள் ஒரே பருமனாயினும், கூம்பு முழுதும் நிறைந்துவரும் ஒளியில் 53 சதவீதமே அப்பால் செல்லும். எதிர்த்திசையில் இவ்விழப்பு நேராது.

தோட்டப் பாடசாலையிலிருந்து உயர்தரப் பௌதிகவியலுக்கு வரும் எமது மாணவர்கள் முழு அகத்தெறிப்பைப் பரீட்சைக்காக மாத்திரம் மனனஞ் செய்யலாகாது. இணையம் அவர்களது ஊரை அடைவதும் அவ்விதியினாலேயே.