கடாரத்தை நோக்கி ஒரு பயணம்: பூஜாங் பள்ளத்தாக்கைக் காணும் முறை

முன்னுரை

தென்கிழக்காசியாவின் பழங்கோயில்களைக் காண விரும்பும் மலேசியத் தமிழர் பலர் முதலில் கம்போடியாவின் அங்கோரையே நினைக்கின்றனர். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய அங்கோர் வாட், காண்போர் முன் தன் பெருமையைத் தானே உணர்த்தி நிற்கும். நம் நாட்டுக் கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கிலோ எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அடித்தளங்களே. முன்னறிவின்றிச் செல்வோர்க்கு அவை வெறும் செங்கல் வரிசைகளாகவே தோன்றும். எனவே ஸ்ரீ கெம்பாங்கான், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் முதலிய இடங்களிலிருந்து குழுவாகச் செல்வோர்க்கு ஏற்ற மூன்று நாள் பயண முறை ஒன்றை இக்கட்டுரையில் வகுக்க முற்படுகிறோம். மழை குறைந்த சனவரி, பிப்ரவரி மாதங்கள் இப்பயணத்திற்கு உகந்தவை.

முதல் நாள்: எழுத்துச் சான்றுகள்

வடக்கு நோக்கிய நெடுஞ்சாலையில் செல்வோர் கெடாவை அடையுமுன் புக்கிட் மெர்தாஜாமில் தங்கிச் செல்லல் வேண்டும். அங்குப் புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் செரோக் தோக்குன் பாறைக் கல்வெட்டு உள்ளது. அதன் எழுத்துகள் தென்னிந்திய எழுத்து மரபைச் சார்ந்தவை. அதே செபராங் பிறை நிலப்பகுதியில்தான் 1834ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ, புத்தகுப்தன் என்னும் மாலுமியின் கல்வெட்டைக் கண்டெடுத்தார். கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் அக்கல் இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. அம்மாலுமியின் ஊராகக் கூறப்படும் இரக்தமிருத்திகை வங்காளத்தைச் சார்ந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. இக்கடற்கரைக்கு வந்தோர் ஒரு நாட்டினர் மட்டுமல்லர் என்னும் உண்மையை முதல் நாளிலேயே மனத்திற் கொள்ளுதல் நன்று. அன்றிரவு சுங்கை பட்டாணியில் தங்கலாம்.

இரண்டாம் நாள்: இரும்பும் கோயிலும்

காலையில் சுங்கை பத்து அகழாய்வுக் களத்தைக் காண்க. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2009ஆம் ஆண்டு முதல் நிகழ்த்திய அகழாய்வுகளில் இரும்புருக்கு உலைகள், ஊதுகுழாய்கள், படகுத்துறை, செங்கற்சடங்குமேடை ஆகியன வெளிப்பட்டன. இவற்றுட் சிலவற்றுக்குக் கி.மு. காலக் கணிப்பும் கூறப்படுகிறது. அக்கணிப்பின்மேல் விவாதம் தொடர்கிறது. வணிகர் இங்கு வந்தமைக்கான காரணங்களுள் ஒன்றை இக்களம் காட்டுவதால், கோயில்களுக்கு முன் இதனைக் காண்பதே முறை.

பின்னர் மெர்போக்கிலுள்ள தொல்பொருட் காட்சியகத்திற்குச் செல்லலாம். 1980ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இதன் அருகில்தான் எட்டாம் எண் களமான சண்டி புக்கிட் பத்து பகாட் உள்ளது. 1936-37ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்சும் அவர்தம் துணைவியாரும் இப்பள்ளத்தாக்கில் ஆய்வு நிகழ்த்தினர். பின்னர் அலஸ்டேர் லேம்ப் 1959-60இல் இக்கோயிலின் எஞ்சிய பகுதியை மீட்டமைத்தார். கருங்கல் மேடையில் விமானமும் அதன் முன் மண்டபமும் அமைந்திருந்ததைத் தளவமைப்புக் காட்டுகிறது. தூண்களைத் தாங்கிய கல் அடிகள் மட்டுமே எஞ்சியுள்ளமையால் தூண்களும் கூரையும் மரம் முதலிய அழியும் பொருள்களால் ஆனவை என்பது பெறப்படும். இந்தியக் கோயில் நெறி இம்மண்ணின் கட்டட மரபோடு கலந்தமைக்கு இதுவே சான்று. அருகே துப்பா அருவியும் உள்ளது.

மூன்றாம் நாள்: மலையும் கடலும்

விடியலில் 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலைக்கு ஏறுக. மேலிருந்து கடலும் மெர்போக் ஆற்றின் கழிமுகமும் அலையாத்திக் காடுகளும் ஒருங்கே தோன்றும். கலம் செலுத்தி வந்தோர்க்கு இம்மலையே தொலைவிலிருந்து தெரியும் அடையாளம். ஆறு அவர்கட்குத் துறைமுகம். கோயில்கள் ஏன் இங்கு எழுந்தன என்னும் வினாவிற்கு இக்காட்சியே விடையாகும்.

இங்குச் சோழரைப் பற்றியும் எண்ண வேண்டும். முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது கடற்படை செலுத்தினான். ஆனால் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன், கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிசய மன்னன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எடுப்பித்ததையும், இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததையும் ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. படையெடுப்பை மட்டும் நினைந்து இக்கோயில்களெல்லாம் சோழர் கட்டியவை என உரைப்பது சான்றுக்கு ஒவ்வாது. இப்பள்ளத்தாக்கின் தொடக்கம் சோழப் பேரரசினும் பன்னூற்றாண்டு பழமையானது. சைவமும் பௌத்தமும் இங்கு அருகருகே வாழ்ந்தன.

முடிவுரை

இப்பள்ளத்தாக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொல்லியற் களங்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் பதினோராம் எண் சண்டி, 2013ஆம் ஆண்டில் வீடமைப்புப் பணிக்காக நிலம் திருத்தப்பட்டபோது இடித்துத் தள்ளப்பட்டது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தும் அக்களம் அரசிதழ்வழிப் பாதுகாப்புப் பெற்றிருக்கவில்லை. செய்தி வெளிவந்தபின் எழுந்த கண்டனக் குரல் அச்செங்கற்களை மீட்கவில்லை. அது இடிக்கப்படுமுன் அதனை நேரிற் கண்டு, அதன் எண்ணையும் இடத்தையும் அறிந்திருந்தோர் நம்மிடையே எத்துணை பேர் என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனவே பயணக் குழுவினர் ஒவ்வொரு களத்தின் எண்ணையும் அமைப்பையும் அன்றைய நிலையையும் ஒளிப்படத்துடன் குறித்து வருதல் வேண்டும். ஆண்டுதோறும் செல்லும் குழுக்களின் குறிப்புகள் ஒப்புநோக்கப்பட்டால் சிதைவு தொடக்கத்திலேயே தெரியவரும். கடாரத்தைப் பற்றிய பெருமிதம் நம்மிடம் நிரம்பவே உண்டு. அதனோடு இத்தகைய கண்காணிப்பும் சேருமாயின் எஞ்சிய களங்களேனும் நிலைபெறும்.