பெண் எடுத்த ஊர்

குமுளியில் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் நாங்கள் கேட்பது இரண்டே கேள்வி. ‘கீழே எந்த ஊரு?’ கம்பம், கூடலூர், சின்னமனூர் என்று ஏதாவது வரும். அடுத்தது, ‘அம்மாவுக்கு எந்த ஊரு?’ சொந்தம் பிடிபடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான்.

தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைக் குட்டிக்கானம் பக்கத்திலிருக்கும் பள்ளிக்குன்னுக்குக் கூட்டிப்போவேன். பெயரைச் சொன்னதும், ‘அங்கேயும் பள்ளிக்கூடமா டீச்சர்?’ என்று முகம் வாடிவிடும். மலையாளத்தில் பள்ளி என்றால் சர்ச்சு. 1869-இல் ஹென்றி பேக்கர் என்ற பாதிரியார் எழுப்பிய செயின்ட் ஜார்ஜ் ஆலயம் அங்கே இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் காப்பி, தேயிலைத் துரைமார்கள். ஏலமலைக்கு அதிகாரியாக இருந்த ஜே.டி. மன்றோவுக்கும் அங்கேதான் இடம். அவருடைய டௌனி என்ற குதிரைக்கும்தான். பாசி அடைத்துக்கொண்ட எழுத்துகளைப் பிள்ளைகள் ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்து, ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிப்பார்கள். குதிரை என்று தெரிந்ததோ இல்லையோ, மனுஷர்களின் கல்லெல்லாம் மறந்துபோகும்.

எனக்கு அந்த பேக்கரை விசாரிக்க ஆசை. இவரை வாகமண்ணில் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்த லாரி பேக்கரோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. லாரி அங்கே வந்தது 1963-இல், குவேக்கர், பர்மிங்ஹாம்காரர். இருவருக்கும் சம்பந்தமில்லை. நம்முடையவர் சி.எம்.எஸ். என்ற சர்ச் மிஷனரி சொசைட்டியின் பாதிரியார். அவருடைய அப்பாவுக்கும் ஹென்றி பேக்கர் என்றே பெயர். பெய்லி, ஃபென் இருவரோடும் சேர்ந்து கோட்டயத்தில் மிஷனை நிலைநாட்டிய மூவரில் ஒருவர். 1819-இல் கோட்டயம் வந்தார். இது அப்பா வழி, எல்லாரும் எழுதியது. அம்மா எந்த ஊர்?

தஞ்சாவூர்.

அந்த அம்மாளின் பெயர் அமேலியா டொரோத்தியா கோல்ஹாஃப். அவருடைய தாத்தா யோகான் பல்தசார் கோல்ஹாஃப், பொமரேனியா நாட்டுக்காரர், லுத்தரன் பாதிரியாராக 1737-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1790-இல் அங்கேயே கண்ணை மூடினார். ஐம்பத்து மூன்று வருஷம்! அவர் மகன், அமேலியாவின் அப்பா யோகான் காஸ்பர், 1762-இல் பிறந்ததும் தரங்கம்பாடியில்தான். அந்தப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரை வளர்த்த அதே கைதான். 1787-இல் தகப்பனார் இந்த மண்ணில் ஐம்பது வருஷம் நிறைத்த விழாவும் மகன் குருப்பட்டம் பெற்ற சடங்கும் ஒன்றாக நடந்தன; ஷ்வார்ட்ஸ்தான் பிரசங்கம். காஸ்பர் பிறகு தஞ்சாவூரிலேயே ஊழியம் செய்து 1844-இல் அங்கேயே இறந்தார்.

இங்கே இன்னொரு கூட்டத்தைச் சொல்லாமல் போக மனசில்லை. பெரிய கோல்ஹாஃப் இருந்த காலத்திலேயே, 1760-இல், மொராவிய சகோதரர்கள் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்துச் சபை. பொறையாறு பக்கம் தோட்டம் போட்டு, தச்சும் நெசவும் போன்ற கைத்தொழில் செய்து, தங்கள் உழைப்பிலேயே சாப்பிட்டவர்கள். முன்பே இருந்த லுத்தரன் பாதிரிமார்களுக்கு அவர்கள் வந்தது பிடிக்கவில்லை. அவர்களின் கண்ணெல்லாம் நிக்கோபார் தீவுமேல். அங்கே போனவர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டது. 1803-ஓடு எல்லாம் முடிந்தது. வேலை தெரிந்த கைகள். ஆனாலும் வேர் பிடிக்கவில்லை. இந்தப் பக்கம் கோல்ஹாஃப் குடும்பமோ, பிள்ளை பெற்று, பெண் கொடுத்து, ஊரோடு ஊராகிவிட்டது. எது நிலைக்கும் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வந்த முதல் தலைமுறை கூலிக்கு வரும். லயத்தில் ஒரு கல்யாணம் நடந்தபிறகுதான் ஊர்.

அமேலியா கோட்டயத்தில் சும்மா இருக்கவில்லை. வீட்டிலேயே பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்புச் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கும் கோட்டயத்தில் பேக்கர் பெயரில் பெண்கள் பள்ளி நடக்கிறது. பேக்கர் என்பது வந்த வீட்டுப் பெயர். பிறந்த வீட்டுப் பெயரை யார் கேட்டார்கள்?

மூத்த மகன் ஹென்றி, 1819-இல் பிறந்தவர், கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் இருந்தபோது மலைவாழ் மக்களான மலை அரையர்களின் தலைவர்கள் காட்டிலிருந்து இறங்கி அவரைத் தேடி வந்தார்கள். ‘எங்களுக்கும் படிப்பு வேண்டும்’ என்று பல முறை வந்து கேட்டபிறகே அவர் மலையேறினார். முண்டக்கயமும் மேலுகாவும் அப்படி உருவான மிஷன் ஊர்கள். 1862-இல் அந்த மக்களைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பெருமை முழுக்கப் பாதிரியாருக்குப் போகிறது. முதலில் மலையிறங்கி நடந்தவர்கள் அரையர்கள் என்பதை நான் வகுப்பில் இரண்டு தடவை சொல்வேன். 1878-இல் அவர் இறந்தார். குமரகத்தில் காயலை மறித்து நிலமாக்கிய ஆல்ஃப்ரட் ஜார்ஜ் பேக்கரும் இந்தக் குடும்பம்தான். அந்த பங்களா இப்போது தாஜ் ஓட்டல்.

ஓய்வுபெற்ற வருஷம் கடைசியாக இந்த வம்சத்தைக் கரும்பலகையில் கோடு போட்டு எழுதினேன். அமேலியா பெயருக்குக் கீழே விரல் வைத்து ஒரு பிள்ளை கேட்டது: ‘அப்போ பேக்கர் ஐயருக்குத் தாய்மாமன் யாரு டீச்சர்?’

கிறிஸ்டியன் சாமுவேல் கோல்ஹாஃப். திருச்சி பக்கம் இருங்களூரில் அவரும் பாதிரியார்தான், 1881-இல் இறந்தார் என்று எழுதிக் காட்டினேன்.

‘மாமன் சீர் கொண்டு வந்தாரா?’

தெரியலைடா என்றேன். மணி அடித்துவிட்டது.