கொடுக்க வந்தது வேதம், கொண்டது ஆங்கிலம்

இராசபாளையத்திலிருந்து தென்கிழக்கே சென்றால் ஆலங்குளம். கரிசல் பூமி, மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். இன்று ஊரின் பெயரைச் சொன்னதும் அரசு சிமெண்ட் ஆலை நினைவுக்கு வரும். 1854ஆம் ஆண்டில் அந்த ஆலை இல்லை. சிற்றூர்கள், அவற்றை இணைக்கும் வண்டித்தடங்கள், தொலைவில் திருவில்லிபுத்தூர்க் கோபுரம். திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியாக அன்று இருந்த இந்த வட்டாரத்திற்குக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார் ஒரு வெள்ளையர்.

தாமஸ் கஜட்டன் ராக்லாந்து என்பது அவர் பெயர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1841இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியிலே வாழ்நாளெல்லாம் வசதியாக அமர்ந்திருக்கலாம். பட்டுத் திண்டில் சாய்ந்துகொண்டு பாடம் சொல்லியிருக்கலாம். அதை விடுத்து, சர்ச் மிஷன் சங்கத்தின் தொண்டராக 1846இல் சென்னை வந்து, பின்னர் டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரு தோழர்களுடன் கரிசற்காட்டுக்குள் நுழைந்தார். சிற்றூருக்குச் சிற்றூர் கூடாரம். தமிழில் பிரசங்கம். தெற்கே இருந்த தமிழ்க் கிறித்தவர்கள் தம் செலவில் முறைவைத்து அனுப்பிய உபதேசியார்கள் துணை. நான்கே ஆண்டுகள், 1858ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில் மாண்டார். வயது நாற்பத்து மூன்று.

தன்னலம் துறந்த அந்த வாழ்வை நாம் எள்ளி நகையாட மாட்டோம். கொள்கைக்காகக் கூடாரத்தில் செத்தவனைக் கேலி செய்வது பகுத்தறிவன்று. ஆனால் ஒன்று கேட்கலாம். அந்த மூளைக்குள் யூக்ளிட் இருந்தார், நியூட்டன் இருந்தார், அய்ரோப்பாவைக் குலுக்கிய புத்தறிவெல்லாம் இருந்தது. கரிசற்காட்டுச் சிறுவனுக்கு அதிலே ஒரு துளியாவது சொட்டிற்றா? கேம்பிரிட்ஜின் கணிதம் கூடாரத்துக்குள்ளேயே மடிந்தது. அவர் விநியோகிக்க வந்தது இரட்சிப்பு. அறிவை அவர் கப்பலேற்றி வரவில்லை. வந்திருந்தாலும் மூட்டையை அவிழ்க்கவில்லை.

மூட்டையை அவிழ்த்தவர்களும் உண்டு, தோழர்களே! அவர்கள் கதை சுவையானது. அதைக் காண ராக்லாந்துக்கு ஒரு தலைமுறை முன்னே போகவேண்டும்; கடல் தாண்டி யாழ்ப்பாணம் போகவேண்டும்.

கிறித்தவத் தொண்டராகக் கடல் கடந்து ஆங்கிலம் கற்பிக்கச் செல்வது இன்று அமெரிக்க இளைஞர்க்கு ஓராண்டு, ஈராண்டுக்குரிய அனுபவம். விமானத்தில் ஏறுவர், வகுப்பறையில் நிற்பர், ஊர் திரும்புவர். 1815இல் கப்பலேறிய டேனியல் பூர் என்பவருக்கு அது வாழ்நாள் தண்டனை போன்றது. அய்ந்து மாதக் கடற்பயணத்துக்குப் பின் 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கினார். சில ஆண்டுகளுக்கு முன்பு கல்கத்தாவில் கால்வைத்த அமெரிக்கத் தொண்டர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்க மறுத்திருந்தது. ஏசுவின் பெயரால் வந்தாலும் அமெரிக்கன் அமெரிக்கன்தானே, கம்பெனியாருக்கு! இலங்கைத் தேசாதிபதி பிரவுன்ரிக் யாழ்ப்பாணத்தை ஒதுக்கிக் கொடுத்தார். ஆனால் 1820இல் அச்சுத் தொழில் தெரிந்த காரெட் என்ற தொண்டர் வந்திறங்கியபோது, அடுத்து வந்த ஆட்சி அவரை நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லிவிட்டது. அச்சுப்பொறி நின்றது, அச்சடிப்பவர் போனார். பைபிளைக் கண்டு அஞ்சாத ஆட்சி அச்சைக் கண்டு அஞ்சிற்று.

தெல்லிப்பழையில் பாழடைந்து கிடந்த பழைய மாதாகோயிலைச் செப்பனிட்டுக் குடியேறினார் பூர். பகலெல்லாம் பள்ளி, மாலையில் ஊர்வலம், இரவில் தமிழ்ப் பாடம். ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் முதலில் தமிழுக்கு மாணவரானார். மனைவி சூசன் 1821இல் அங்கேயே இறந்தார். முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரே பூர் ஒருமுறை தாயகம் சென்று பார்த்துத் திரும்பினார்.

1823இல் வட்டுக்கோட்டையில் அவர் தலைமையில் எழுந்தது செமினரி. அதன் திட்ட அறிக்கையிலேயே, நல்ல திறமுள்ள தமிழ் இளைஞர்க்கு ஆங்கிலத்தை நிறைவாகக் கற்பிப்பது முதல் நோக்கங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது. தமிழிலக்கியப் பயிற்சியும் உடன் வைக்கப்பட்டது. கணிதம், வானநூல், தருக்கம் எல்லாம் உண்டு. கடலோரத்து ஊரொன்றில், அமெரிக்கக் கல்லூரிக்குச் சற்றும் இளைக்காத ஒரு கூடம்!

அங்கேயும் நம்மவர் புத்தி மாறவில்லை. சோறு! மிஷன் நிலத்தில் சமைத்த சோற்றை உண்டால் சாதி போய்விடும். ஆகவே மிஷன் எல்லைக்கு வெளியே, வேற்று நிலத்தில், சாதிச் சமையற்காரன் கையால் சமைத்த சோற்றைத்தான் பையன்கள் உண்பார்கள். நியூட்டனை மிஷன் நிலத்தில் படிப்பது, நெல்லுச்சோற்றை மறுநிலத்தில் உண்பது. அறிவுக்குத் தீட்டில்லை, அரிசிக்குத் தீட்டு! வெள்ளையர் பொறுத்துக்கொண்டனர். மாணவர் வேண்டுமே!

1829இல் வந்தது ஒரு சந்திரகிரகணம். அராலி விசுவநாத சாத்திரியார் பஞ்சாங்கம் கணிப்பதிலே பெரும்புகழ் படைத்தவர். அவர் கணித்த நேரம் ஒன்று. செமினரியில் பூர் கணித்துச் சொன்ன நேரம் வேறொன்று. எது சரி? ஊர் கூடி வானத்தைப் பார்த்தது. செமினரியின் கணக்கே வென்றது. சாத்திரியாரைக் குறைத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பல தலைமுறைக்கு முந்தைய சூத்திரங்களை வைத்துக்கொண்டு அவ்வளவு நெருக்கமாகக் கணித்ததே திறமைதான். பிழை, சூத்திரத்தைச் சோதித்துத் திருத்தாமல் வணங்கிய வழக்கத்தில் இருந்தது.

பாதிரிமாருக்குப் பெருமகிழ்ச்சி. புராணம் பொய்த்தது, பையன்கள் இனி வேதம் நோக்கித் திரும்புவார்கள் என்று எண்ணினார்கள். ஆனால் இராகுவையும் கேதுவையும் கணக்கால் விரட்டக் கற்றவன் அங்கேயே நின்றுவிடுவானா? யோசுவா சொன்னவுடன் சூரியன் வானத்தில் நின்ற கதையும் அவன் பாடப்புத்தகத்திலேதான் இருக்கிறது! ஒரு வீட்டுக் கூரையைப் பிரிக்கக் கொடுத்த கொக்கி, பக்கத்து வீட்டுக் கூரைக்கும் பொருந்தும்.

1836இல் பூர் மதுரைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து மிஷனின் கிளையாக இரண்டாண்டுகள் முன்பு அங்கே அமெரிக்க மிஷன் தொடங்கியிருந்தது. சுற்றிலும் பள்ளிகளை நிறுவிவிட்டு, 1841இல் யாழ்ப்பாணம் மீண்டார். பிறகு திருமங்கலத்தில் தோன்றிய மாணவர் விடுதிப் பள்ளி 1845இல் பசுமலைக்குப் போயிற்று. 1847இல் அங்கே மிஷன் ஒரு துணிவான செயல் செய்தது: ஊழியரும் மாணவரும் சாதியை விடவேண்டும், எல்லாரோடும் ஒருசேர உண்ணவேண்டும்! ஊழியர் பலர் வேலையை விட்டனர், மாணவர் பலர் வெளியேறினர். ஏசுவை ஏற்பது எளிதாயிருந்தது, இலையைப் பகிர்வதுதான் கடினமாயிருந்தது.

இந்தச் சோதனையில் எல்லாப் பாதிரிமாரும் ஒரே மதிப்பெண் பெறவில்லை. சென்னையில் 1837இல் ஆங்கிலப் பள்ளி தொடங்கிய ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆண்டர்சன், அடுத்த ஆண்டே ஆதிதிராவிடச் சிறுவர் சிலரைச் சேர்த்தார். உயர்சாதி மாணவர் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். ஆண்டர்சன் அசையவில்லை, பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அப்பள்ளி. மசூலிப்பட்டணத்தில் 1843இல் பள்ளி திறந்த இராபர்ட் நோபிளோ, மேற்சாதியாரை இழந்துவிடக்கூடாது என்று தாழ்த்தப்பட்டோரைச் சேர்க்கவே இல்லை. இருவர் கையிலும் இருந்தது ஒரே பைபிள். ஆகவே சமத்துவம் அந்த ஏட்டிலிருந்து தானாக ஒழுகிவந்தது என்போர், நோபிளின் பள்ளிக்கும் விளக்கம் சொல்லவேண்டும்.

இனி 1855. பாஸ்டன் நகரத் தலைமையிடத்திலிருந்து ரூபஸ் ஆண்டர்சன் என்ற செயலர் ஆய்வு நடத்த வந்திருந்தார். கணக்குப் பார்த்தார். எத்தனை பேர் படித்தார்கள் என்பதன்று அவர் கணக்கு. எத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்பது. கிடைத்த விடை கசந்தது. ஆங்கிலம் கற்றவன் அரசு அலுவலகத்துக்கு ஓடுகிறான். கிராமத்து உபதேசியாக இருக்க மறுக்கிறான். தீர்ப்பு: ஆங்கிலத்தை நிறுத்து, தாய்மொழியில் உபதேசியாரைப் பழக்கு. வட்டுக்கோட்டை செமினரி அவ்வாண்டே மூடப்பட்டது. மதுரை மிஷனின் ஆங்கிலப் பள்ளிகளுக்கும் அதே கதி. பசுமலை தமிழ்வழி உபதேசியார் பயிற்சிக்கூடமாய்ச் சுருங்கிற்று. அதே 1855 பிப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதி கண்டு இறந்தார் டேனியல் பூர். ஆசிரியரும் பள்ளியும் ஓராண்டிலே மறைந்தனர்.

தாய்மொழிக் கல்வி என்றதும் தமிழன்பர்கள் கைதட்டத் தோன்றும். அவசரம் வேண்டா. ரூபஸ் ஆண்டர்சன் தமிழுக்கு மாலை சூட்டவில்லை. அவர் பூட்டியது சாளரத்தை. கணிதமும் வானநூலும் தமிழில் மேலும் செழிக்கட்டும் என்றா ஆங்கிலத்தை நிறுத்தினார்? இல்லை. கிராமத்திலேயே கிடக்கும் உபதேசியார் வேண்டும், அவனுக்கு அவ்வளவு அறிவு போதும் என்று நிறுத்தினார். சூத்திரன் படித்தால் கெட்டுப்போவான் என்ற பழைய தருமநூல் வாசகத்துக்கும் இதற்கும் இடையே உள்ள தொலைவு, நான் அளந்த வரையில், மிகக் குறைவு.

நேர்மையாகச் சொல்லவேண்டும்: ஆங்கிலத்தை ஒதுக்கியும் பெருந்தொண்டு செய்த ஒருவர் அதே மிஷனில் இருந்தார். மருத்துவர் சாமுவேல் கிரீன். 1847இல் வந்தவர். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவன் அரசுச் சம்பளத்துக்குப் போய்விடுகிறான், ஊராருக்கு மருத்துவனில்லை என்று அவரும் கண்டார். நோய் ஒன்றே, மருந்து வேறு. 1860களில் மருத்துவத்தையே தமிழில் கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார், கலைச்சொற்களைத் திரட்டினார். தமிழில் விஞ்ஞானம் முடியுமா என்று நம் நாட்டார் நூறாண்டுக்குப் பின்னும் மேடைபோட்டு அய்யுற்றபோது, அமெரிக்கர் ஒருவர் அறுவை மேசைமேல் அதற்கு விடை எழுதிவிட்டுப் போயிருந்தார்! ஒருவர் ஆங்கிலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேதபாடத்தை வைத்தார். மற்றவர் ஆங்கிலத்தை எடுத்துவிட்டு மருத்துவத்தை வைத்தார். மொழிச் சண்டை போடும்போது, இலையில் என்ன பரிமாறுகிறார்கள் என்றும் குனிந்து பார்க்கவேண்டும்.

மாணவர் என்ன ஆனார்கள்? சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. அதன் முதற் பட்டதாரிகள் இருவர்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்கள்! மூடப்பட்ட பள்ளியின் பிள்ளைகள் முதல் பட்டத்தைத் தட்டிச் சென்றனர். தாமோதரனார் பிறகு சைவத்துக்கே திரும்பினார். செல்லரித்த சுவடிகளைத் தேடி 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். பாதிரிமாருக்கு இது தோல்விக் கணக்கு, தமிழுக்கு வரவு. ஆறுமுக நாவலரும் வெசுலியன் மிஷனின் பெர்சிவல் பாதிரியாரிடம் பயின்று, அவர் பள்ளியிலே கற்பித்து, பைபிள் மொழிபெயர்ப்பிலே துணைநின்று, வெளியேறியதும் அதே பள்ளி முறையையும் அதே அச்சுப்பொறியையும் சைவத்துக்குப் பயன்படுத்தினார். கருவியைக் கற்றுக்கொண்டார், கர்த்தரை விட்டுவிட்டார். அந்தக் கருவியைச் சாதிக்கோட்டைக்குக் காவலாகவும் நிறுத்தினார் என்பது நமக்குள்ள வழக்கு; அதை வேறொரு நாள் பேசுவோம்.

ஊரார் சும்மா இருக்கவில்லை. செமினரியின் பழைய மாணவர்கள் ஆங்கிலப் பள்ளி நடத்தினர். கல்லூரி வேண்டும் என்று பாஸ்டனைத் தட்டிக்கொண்டே இருந்தனர். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையில் திறந்தது. பசுமலையிலும் 1881இல் கல்லூரி வகுப்பு வந்தது. அது 1904இல் மதுரை நகருக்குப் பெயர்ந்து அமெரிக்கன் கல்லூரியாக நிலைத்தது. மூடிய கதவைத் திறந்தது மேலிடத்துக் கருணை மட்டுமன்று. வெளியே நின்றவர்களின் முட்டியும் சேர்ந்துதான்.

மீண்டும் கரிசற்காட்டுக்கு வருவோம். ராக்லாந்து மாண்ட சிவகாசியில், அவர் மறைந்து நாற்பத்தோராண்டுகள் கழித்து, 1899இல், பெருங்கலவரம் வெடித்தது. நாடார்கள் கோயிலுக்குள் நுழையக்கூடாது என்பது பூசலின் வேர். வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. கோயில் கதவுக்காக அந்தச் சண்டை. ஆனால் அதற்குப் பத்தாண்டு முன்பே, சற்றுத் தொலைவிலிருந்த விருதுபட்டியில், இன்றைய விருதுநகரில், அதே மக்கள் வேறொரு கதவைச் செய்துவிட்டார்கள்.

1889இல் எழுந்த சத்திரிய வித்தியாசாலை அது. பாஸ்டனிலிருந்து பணம் இல்லை, இலண்டனிலிருந்து ஆசிரியர் இல்லை. வணிகர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று தாமே விதித்துக்கொண்ட மகமைப் பணம் ஒருபுறம், வீட்டுக்கு வீடு திரட்டிய பிடியரிசி ஒருபுறம். சம்பளம் கேட்காத பள்ளி. தொடங்கியவர் நாடார்கள், ஆயினும் வாசலில் சாதி கேட்கப்படவில்லை. பெயரில் மட்டும் 'சத்திரிய' என்ற மினுக்கு; வருணத்தில் ஒரு படி ஏறிவிட்டால் இழிவு போய்விடும் என்ற மயக்கம் அன்று பலருக்கும் இருந்தது. பெயரை மன்னிக்கலாம், அரிசியை மறக்க முடியாது. அங்கே படித்த சிறுவருள் ஒருவர் ஆறாம் வகுப்போடு நின்று மாமனின் துணிக்கடைக்குப் போனார். முதலமைச்சரானபின் 1956இல் அவர்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு போட்டார்.

சோறாக்க உலையில் இடும் முன், ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி அரிசியில் ஒரு பிடியை அள்ளித் தனிக்கலயத்தில் போட்டுவைப்பாள். கலயம் நிறைந்ததும் பள்ளியிலிருந்து ஆள் வரும். அந்தப் பெண்களுள் பெரும்பாலோர்க்குத் தம் பெயரை எழுதத் தெரியாது.